நாகஸ்வர நாதத்தில் ஆசாரியின் பங்கு

நாகஸ்வரக் கச்சேரியைப் பாராட்டும்போது வித்வானின் மூச்சையும் விரலையும் சொல்லி முடித்துவிடுகிறோம். குழலைக் கடைந்த ஆசாரியை எவரும் நினைப்பதில்லை. இது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன். நாகஸ்வரத்தின் இரு வகைகளான திமிரியையும் பாரியையும் அடுத்தடுத்துக் கேட்டாலே காரணம் விளங்கும். திமிரி குட்டையான குழல். சுருதி நாலு, ஐந்து கட்டை. பாரி ஏறக்குறைய இரண்டரை அடி நீளம். சுருதி இரண்டு, இரண்டரை கட்டை. சுருதி இறங்கும்போது நாதத்தின் குணமே வேறாகிறது. நம் செவி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் மிகக் கூர்மையாகப் பிடிக்கும். திமிரியில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் வலுவான மேற்சுரங்கள் அந்த எல்லையை எளிதில் எட்டுவதால் சுவாமி புறப்பாட்டு இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வரும். பாரியில் அதே எல்லைக்குள் மேற்சுரங்கள் நெருக்கமாக அமைவதால் நாதம் கனத்து, விரிந்த ஆலாபனைக்கு இடங்கொடுக்கிறது. குழலை வெறுமனே நீட்டினால் இது கைகூடாது. துளைகளின் இடமும், உள்துளை மேலிருந்து கீழாக விரியும் விதமும் கூடவே மாறியாக வேண்டும். சுத்த மத்யமம் சரியாகப் பேசாத குறையை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரியில் தீர்த்தார். நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்புக்குத் துணைநின்ற கைவேலை அது.

வாசிப்பவர் தேறாதவரானால் எந்தக் குழலும் பேசாதே என்பார்கள். உண்மைதான். உதடும் மூச்சும் குழலின் நாணல் நாக்கான சீவாளியை ஆளாமல் சுருதி நிற்காது. கமகம் முழுக்க வித்வானுடையது. ஆனால் குழலின் வடிவம் இடந்தராத மேற்சுரத்தை எந்த மூச்சாலும் நிலைநிறுத்த முடியாது. இன்னொரு மறுப்பு எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது: காற்றிசைக் கருவியில் ஒலிப்பது உள்ளிருக்கும் காற்று, மரமல்ல, அப்படியிருக்க ஆச்சா மரத்துக்கு ஏன் இத்தனை புகழ்? மரம் நேராகப் பாடுவதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் காற்று எப்படி அதிர வேண்டும் என்பதை உள்துளையே தீர்மானிக்கிறது, அந்த உள்துளையைக் காப்பது மரம். பழைய வீடுகளின் உத்தரங்களிலும் தூண்களிலும் இருந்து எடுத்த, பல்லாண்டு உலர்ந்த ஆச்சாவை ஆசாரிகள் தேடுவது இதனால்தான். பச்சை மரம் மூச்சின் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். கடைந்த அளவு கெட்டால் சுருதியும் கெடும்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. அது பெயரைக் காக்கும். கையறிவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லாது. நல்ல குழல்களின் உள்துளை அளவுகளை அரசு இசைக் கல்லூரிகள் ஆசாரிகளின் ஒப்புதலோடு பதிவுசெய்ய வேண்டும். நாகஸ்வர மாணவருக்குக் குழல் கடைவதும் சீவாளி கட்டுவதும் பாடமாக வேண்டும். அதைக் கற்பிக்கும் ஆசாரிக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் தர வேண்டும்.