மஞ்சள் சட்டையின் பின்னே

நுழையும்முன்

வென்றவரின் பெயரை வரலாறு எழுதிவைக்கிறது; அவ்வெற்றிக்குத் தோள் கொடுத்தோரின் பெயர்களை அது பெரும்பாலும் எழுதுவதில்லை. பிரான்சு நாட்டில் நடைபெறும் மிதிவண்டிப் பந்தயம் ஒன்று, தனியொருவர் வெற்றி எந்த அளவுக்கு அவர் ஒருவருக்கே உரியது என்னும் வினாவை நம்முன் வைக்கிறது.

மூன்று வாரப் பயணம்

'டூர் டி பிரான்ஸ்' என்பதற்குப் பிரான்சைச் சுற்றிவருதல் என்பது பொருள். விளையாட்டு நாளிதழ் ஒன்று தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ள 1903ஆம் ஆண்டில் இப்பந்தயத்தைத் தொடங்கியது. அம்முதற்பந்தயத்தில் புறப்பட்டோர் 60 பேர்; நிறைவு செய்தோர் 21 பேர் மட்டுமே. இன்று ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளை ஏறியிறங்கி, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தொலைவை 21 கட்டங்களில் கடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திற்கும் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படும்; கூட்டுத்தொகை எவருக்குக் குறைவோ அவரே முதல்வர். 1919 முதல், முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிகிறார். நாளிதழ் அச்சான தாளின் நிறமும் மஞ்சளே.

தனிமையும் துணையும்

வீரர் பிறர் உதவியின்றித் தம் வலிமையாலேயே வெல்ல வேண்டும் என்பது பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்றி தெகிராஞ்சின் கொள்கை. 1913இல் யூஜின் கிறிஸ்தோப் என்பவரின் வண்டி, தூர்மலே மலைப்பாதையில் முன்கவை முறிந்து நின்றது. அவர் வண்டியைத் தோளில் சுமந்து மலையடிவார ஊருக்கு நடந்துசென்று, கொல்லர் உலைக்களத்தில் தம் கையாலேயே அதனைச் சீர்செய்தார். ஆயினும் துருத்தி ஊதச் சிறுவன் ஒருவன் உதவினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது!

ஆனால், காற்று அக்கொள்கைக்கு இடந்தரவில்லை. சமவெளியில் விரையும் வீரரின் ஆற்றலில் பெரும்பகுதி, எதிர்க்காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. முன்செல்பவரை ஒட்டிப் பின்தொடர்பவருக்கு அச்சுமை பெரிதும் குறைகிறது. ஆகவே, இன்று எண்மர் கொண்ட அணியில் ஏனையோர் பெரும்பாலும் தலைவருக்காகவே உழைக்கின்றனர். அவர்கள் காற்றைத் தாங்குகின்றனர். பின்னே வரும் அணி வண்டியிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்துவந்து தருகின்றனர். தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தையே கழற்றித் தருகின்றனர். இவர்களைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு வீட்டுப் பணியாள் என்பது பொருள்.

1934இல் ரெனே வியத்தோ என்னும் 20 வயது இளைஞர், பிரனீஸ் மலையில் தம் முன்சக்கரத்தை அணித்தலைவர் அந்தோனின் மாஞ்யுவிடம் தந்துவிட்டு, மாற்றுச் சக்கரத்திற்காகக் காத்திருந்தார். சாலையோரச் சுவரில் கண்ணீருடன் அமர்ந்திருந்த அவரது ஒளிப்படம் புகழ்பெற்றது. மறுநாளும் தலைவரின் வண்டி பழுதுற்றது. முன்னே சென்றுவிட்ட வியத்தோ, வந்த வழியே திரும்பி மேடேறிச் சென்று தம் வண்டியைத் தந்தார். மாஞ்யு பந்தயத்தை வென்றார். வியத்தோ ஐந்தாம் இடம் பெற்றார். பின்னர் ஒருமுறையும் அவர் முதலிடம் பெறவில்லை.

ஈகத்திற்கும் எல்லை உண்டு

இது முறையா? ஓர் இளைஞனின் கனவை மற்றொருவர் புகழுக்குப் படியாக்கலாமா? இரண்டு நிலைகளில் மட்டுமே இதனை ஏற்கலாம் என்பது என் கருத்து. முதலாவது, உழைப்பு மறைக்கப்படாதிருத்தல். வென்றவர் தம் பரிசுத்தொகையை அணியினரோடு பகிர்ந்துகொள்வது இப்பந்தயத்தின் மரபு. அது கொடையன்று, கடன். இரண்டாவது, துணைநிற்றல் அறத்தின் எல்லையைக் கடவாதிருத்தல். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை பெற்ற ஏழு பட்டங்கள், ஊக்கமருந்துக் குற்றத்திற்காக 2012இல் பறிக்கப்பட்டன. அணியினர் பலரும் அக்குற்றத்தில் பங்குகொண்டிருந்தனர்; நெடுங்காலம் வாய்திறக்கவுமில்லை. தலைவருக்குத் தண்ணீர் சுமப்பது பெருமை; அவர் பொய்யைச் சுமப்பது இழிவு.

மாணவர்களே! எல்லாரும் மஞ்சள் சட்டை அணிய இயலாது. முன்னே செல்ல நேர்ந்தால், உங்களுக்காகக் காற்றைத் தாங்கியவர்களின் பெயர்களை உரக்கச் சொல்லுங்கள். துணைநிற்க நேர்ந்தால், எதற்குத் துணைநிற்கிறோம் என்று கேட்டுத் தெளிந்தபின் சக்கரத்தைக் கழற்றிக் கொடுங்கள்.