கடன் வாங்காத அரசு யாருக்கு வேண்டும்?

"வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்." படித்த நண்பர்கள் பலர் இதை நேர்மையின் மறுபெயர் போலச் சொல்கிறார்கள். குடும்பம் கடன் வாங்கிச் சீரழியலாமா என்ற உவமையும் கூடவே வரும். பாட்டன் சேர்த்த நிலமும் வீடும் உள்ள குடும்பத்துக்கு அந்த உவமை பொருந்தலாம். அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கல்லூரிக்குப் போன தலைமுறையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவில் இது பழைய சண்டை. 1997இல் இதற்கான திருத்தம் செனட்டில் 66 வாக்குகள் பெற்று, ஒரே ஒரு வாக்கில் தோற்றது. ஜெர்மனி 2009இல் எழுதியே வைத்தது: ஒன்றிய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2025 மார்ச்சில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ தனி நிதி ஒதுக்கினார்கள். ராணுவத்துக்கோ, 1 சதவீதத்துக்கு மேற்பட்ட செலவு முழுவதற்கும் விலக்கு, உச்சவரம்பே இல்லை.

நம் அரசமைப்பின் 292ஆவது பிரிவு, ஒன்றிய அரசின் கடனுக்கு வரம்பு வைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் விட்டிருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1949இல் அந்தப் பிரிவுக்குப் பதில் சொல்லும்போது, நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கும் என்று எதிர்பார்த்தார். அதாவது, வரம்பே கூடாது என்பவர் அல்ல அவர்; இதை மறைத்து வாதாட நான் விரும்பவில்லை. ஆனால் எண்ணைக் கல்வெட்டாக்காமல், ஒவ்வொரு காலத்து மக்கள் பிரதிநிதிகளும் மாற்றத்தக்க சாதாரணச் சட்டத்திடம் விட்டார்கள். 2003இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் அப்படித்தான் 3 சதவீத இலக்கு வைத்தது. கொரோனா ஆண்டில் பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியது. அது அரசமைப்பு விதியாக இருந்திருந்தால் ரேஷன் அரிசிக்கே நீதிமன்றம் போயிருப்பார்கள்.

பற்றாக்குறை இரண்டு வழியில் வரும்: செலவு கூடினாலும் வரும், வரி குறைந்தாலும் வரும். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று நிதியமைச்சரே சொன்னார். அதே காலத்தில், 1944இல் தொடங்கிய பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பின் பெரும்பகுதிச் சுமை மாநிலங்களின் தலையில் இருந்தது. 2020 டிசம்பரில்தான் 60:40 பங்கீடு வந்தது. ஐந்தாண்டுக்கு, மாநிலப் பங்கையும் சேர்த்து, 59,048 கோடி. ஓராண்டு வரிச் சலுகையில் பாதிகூட இல்லை.

வட்டிச் சுமை உண்மைதான். ஒன்றிய பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது. அப்படியானால் 2015 பட்ஜெட்டில் ஒழித்த செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவரலாமே? சமநிலை பேசும் நண்பர்கள் அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பிப்ரவரி 1 அன்றும் தொலைக்காட்சி பற்றாக்குறைச் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் காட்டும். நான் ஸ்காலர்ஷிப் வரிக்குப் போய், புது ஒதுக்கீட்டுக்குப் பக்கத்தில் சென்ற ஆண்டின் திருத்திய மதிப்பீட்டைப் பார்ப்பேன். அறிவித்ததில் எவ்வளவு சத்தமில்லாமல் வெட்டினார்கள் என்பது அந்தக் கட்டத்தில்தான் இருக்கும்.