முகாமையாளருக்கு இன்னொரு ரோல்ஸ் வைங்க

எங்கட பெரியகல்லாற்றில் ஒருத்தர் முகாமையாளராகிட்டார் எண்டா முதலில் மூலையில சாத்தப்படுவது அவர்ர சைக்கிள். கடலுக்கும் வாவிக்கும் இடையில ஒடுங்கிக் கிடக்கிற ஊர் இது, நடந்தே கடந்திரலாம். ஆனாலும் சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிள்தான். பதவி எண்டா கதிரை, கதிரை எண்டா அசையாமல் இருப்பது. இந்தக் கணக்கோடதான் எங்களுக்குச் சண்டை.

கந்தோர்க் கூட்டங்களைப் பாருங்க. ரோல்ஸ், பற்றீஸ், மூணு கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணி. (குளிர்பானப் போத்தலுக்கு 2016 இலிருந்து சீனி அளவைக் காட்டுற நிறக்குறி இருக்கு. கந்தோர்த் தேத்தண்ணிக்கு யார் சிவப்புக் குறி போடுவது?) சோற்றுப் பார்சலை முடிச்ச கையோட ரெண்டு மணிக்கு அடுத்த கூட்டம். பின்னேரம் உடம்பு இயல்பாவே சோர்கிற நேரம் அது. வயிறு முட்டச் சாப்பிட்டால் இன்னும் மோசம். அந்த நேரத்தில்தான் லீவுக் கடிதம் திருப்பி அனுப்பப்படுது, பயிலுநர் பிள்ளை ஏச்சு வாங்குது, வரிசையில நிற்கிற அம்மாவுக்கு "நாளைக்கு வாங்க" எண்டு பதில் கிடைக்குது. எல்லாத்துக்கும் சோறுதான் காரணம் எண்டு நாங்க சொல்லல்ல. ஆனா அரைத்தூக்கத்தில எடுக்கிற முடிவுக்கு விலை கொடுக்கிறது கீழே இருக்கிறவங்கதான்.

1953இல் ஜெரி மொரிஸ் எண்ட வைத்தியர் லண்டன் பஸ்காரர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க இருந்து ஓட்டுகிற சாரதிகளை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு. சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்களாக இருந்ததையும் பிறகு அவரே கண்டார். அதனால கதிரைதான் முழுக் குற்றவாளி எண்டு தீர்ப்பு எழுத ஏலாது. ஆனாலும் உடலசைவும் இதயமும் தொடர்புள்ளவை எண்டதைப் பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிட்டுது.

2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் கோட், சூட்காரரும் சைக்கிள் மிதிச்சாங்க. வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரசாங்கம் உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவே கொடுத்தது. கியூஆர் அட்டை வந்துது, பெற்றோல் வந்துது, சைக்கிள் திரும்ப மூலைக்குப் போயிட்டுது.

"அது அவரவர் ஒழுக்கம்" எண்டு சொல்லுறவங்களுக்கு ஒரு கேள்வி. விடியுமுன் எழும்பி வீட்டுக்கெல்லாம் புட்டு அவிச்சு வச்சிட்டு, தான் வெறும் தேத்தண்ணியோட பஸ் ஏறுகிற பெண் அதிகாரிக்கு எந்த ஒழுக்கம் குறைஞ்சுது? பின்னேரம் அவ ரோட்டால நடந்தா "எங்க மிஸ் போறீங்க?" எண்டு நாலு பேர் கேட்கிறாங்க. தொப்பையைப் பார்த்துச் சிரிக்க இதை எழுதல்ல. சிரிக்கிறவங்க எங்களுக்கு வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவு. ஐந்து நாள், அரை மணி நேரம். எங்கட கந்தோர்களிடம் நாங்க கேட்பது அதைவிடச் சின்னது: கூட்டத்தைக் காலையில வையுங்க, ரோல்ஸுக்குப் பதிலா அவிச்ச கடலை வையுங்க, சீனியைத் தனியா வையுங்க. ஊரிடம் கேட்பது ஒண்டுதான்: கடற்கரைப் பக்கம் நடக்கிற பெண்ணிடம் எங்க போறாய் எண்டு கேட்காதீங்க.