ஹார்லி ஏன் கெட்டாள்?

"கார்ட்டூனில் சாகசமெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தானா?" என்று கேட்கும் சகோதரிகளே, 2000 முதல் 2002 வரை அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் இன்டர்நெட்டில் வெளியிட்ட 'காத்தம் கேர்ள்ஸ்' குட்டிப் படங்களில் பெண்கள் ராஜ்யம்தான். ஊரைக் காப்பவள் பேட்கேர்ள், போலீஸ் கமிஷனர் மகள். திருடி கேட்வுமன். செடிகொடிகளை ஏவி விடுபவள் பாய்சன் ஐவி. மூன்றாம் பகுதியில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் மாயமாகிறார்கள். வம்பு மட்டும் குறையவில்லை!

மனசில் நிற்பவள் என்னவோ கோமாளி வேஷக்காரி ஹார்லிதான். மனநோய் டாக்டராக இருந்தவள். நோயாளி ஜோக்கர் மேல் மயங்கி, வேலையை விட்டு, அவனிடம் அடியும் வாங்குகிறவள். வயசுக்கு வந்த மகள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "இவ ஏன்டி அவனை விட்டுட்டு வரலே?" என்று பேச்சுக் கொடுங்கள். ஐவி அவளுக்கு வீட்டில் இடம் கொடுக்கிறாளே, அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.