பனிக்கட்டி மேல் ஒரு சூடான கதை

ரேச்சல் ரீட் 2019-ல் எழுதிய 'ஹீட்டட் ரைவல்ரி' நாவலை "அந்த மாதிரி புக்" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐஸ் ஹாக்கியில் மாண்ட்ரியல் கேப்டன் ஷேன், பாஸ்டன் கேப்டன் இல்யா. ஊரறிந்த எதிரிகள், ஊரறியாத காதலர்கள். படுக்கையறைக் காட்சிகள் நிறையத்தான். ஆனால் பூட்டிய அறையைத் தவிர அவர்களுக்கு வேறு இடம் ஏது?

வழக்கமான காதல் கதையில் அப்பாதான் தடை; அவர் மனசு மாறினால் சுபம். இல்யாவோ ரஷ்யன். அங்கே தன்பால் ஈர்ப்பைப் பற்றிச் சிறுவர்களிடம் நல்லவிதமாகப் பேசவே 2013-ல் சட்டம் தடை போட்டது. 2022-ல் அதை எல்லா வயதினருக்கும் நீட்டினார்கள். சட்டம், அப்பா மாதிரி இளகாது.

ஹாக்கி உலகம் மட்டும் என்னவாம்? என்.எச்.எல். ஒப்பந்தத்தில் இருந்தபடியே தன்னை வெளிப்படுத்திய முதல் வீரர் லூக் புரோகாப், அதுவும் 2021-ல்தான்!

கிளுகிளுப்புக்காகவே வாங்குங்கள், தப்பில்லை. அவர்கள் ஒளிவது கதை சுவாரசியத்துக்காக மட்டும் இல்லை என்பதை மறக்காதீர்கள்.