எதனோடு எதை ஒப்பிடுகிறோம்?

பத்து காஜா பக்கம் பழைய ஈயக்குட்டை ஓரத்து மணலில் ஒரு கீரைப் பாத்தி போடுகிறோம். நல்ல கறுப்பு மண்ணில் இன்னொரு பாத்தி. முதல் பாத்திக்கு ‘அ’ உரம், இரண்டாவதற்கு ‘ஆ’ உரம். இரண்டாவது பாத்தி செழித்தால் ‘ஆ’ உரமே சிறந்தது என்று சொல்லலாமா? கூடாது. மண் என்ற மாறியை நாம் கட்டுப்படுத்தவில்லையே! மருந்துகளை ஒப்பிடுவதற்கும் இதே விதிதான்.

கருமுட்டை முதிர்ந்து வெளிவராததால் குழந்தைப்பேறு தள்ளிப்போகும் பெண்களுக்கு மருத்துவர்கள் தரும் மாத்திரைகளில் குளோமிஃபீன், லெட்ரோசோல் ஆகிய இரண்டும் முக்கியமானவை. 1960களிலிருந்து பயன்படும் குளோமிஃபீன், மூளையில் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக உருவான லெட்ரோசோல், ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கிறது. இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளை கருதுவதால், கருமுட்டையை வளர்க்கும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது.

2005இல் கனடாவில் நடந்த மருத்துவ மாநாட்டில், லெட்ரோசோல் உண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு இதய, எலும்புக் குறைபாடுகள் அதிகம் என்று ஓர் ஆய்வு அறிவித்தது. அது சுமார் 150 குழந்தைகளை, சிக்கல் குறைந்த பிரசவங்களில் பிறந்த சுமார் 36,000 குழந்தைகளோடு ஒப்பிட்டது. மணலையும் கறுப்பு மண்ணையும் ஒப்பிட்ட கதைதான்! அடுத்த ஆண்டே, இந்த இரு மருந்துகளால் பிறந்த 911 குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வில், லெட்ரோசோல் தரப்பில் குறைபாடு கூடுதலாக இல்லை. இருந்தும் அச்சம் அடங்கவில்லை. 2011இல் இந்தியா, குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் லெட்ரோசோலுக்குத் தடை விதித்தது. 2017இல்தான் தடை நீங்கியது.

இடையே 2014இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. லெட்ரோசோல் குழுவில் 27.5 விழுக்காட்டினருக்கும், குளோமிஃபீன் குழுவில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது.

இங்கேயும் கவனம் தேவை. லெட்ரோசோல் குழுவிலும் 100 பேரில் ஏறத்தாழ 72 பேருக்கு அந்த ஆய்வுக் காலத்தில் குழந்தை பிறக்கவில்லை. கருக்குழாய் அடைப்புக்கோ ஆணின் உயிரணுக் குறைவுக்கோ இந்த முடிவு பொருந்தாது. ஆகவே, அக்கம்பக்கத்தார் பரிந்துரைக்கும் மாத்திரையை வாங்கி விழுங்குவதும், குழந்தை இல்லையென்றால் பெண்ணையே குறை சொல்வதும் அறிவியல் ஆகாது.

‘இதுதான் சிறந்த மருந்து’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைவிடச் சிறந்தது? யாருக்குச் சிறந்தது? எப்படி அளந்தார்கள்? இவற்றைக் கேட்கும் பழக்கம் தேர்வு அறையோடு முடிந்துவிடக் கூடாது.