குரைக்குது எண்டு நாயைக் கலைக்கலாமோ?

அன்டிவைரஸ் ஒருக்கா பொய்யாக அலறினால் நாங்கள் செய்யிற முதல் வேலை, அதை ஓஃப் பண்ணுறது. தபால்காரரைப் பார்த்துக் குரைச்சதுக்காக நாயைக் கலைக்கிற மாதிரித்தான் இது.

பொய் அலாரம் வருவது உண்மை. 2010 ஏப்ரல் 21இல் மக்கஃபியின் ஒரு அப்டேட், வின்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் எண்டு பிடித்தது; பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. தமிழ் டைப் பண்ணுற மென்பொருளும் இப்படி மாட்டலாம். நாங்கள் அழுத்தும் விசைகளை அது கவனிக்கிறது. கடவுச்சொல் திருடும் கீலொக்கரும் அதையேதான் செய்கிறது.

அலறினால் கோப்பைத் திறக்காமல் வைப்பம். அன்டிவைரஸை அப்டேட் பண்ணி மறுபடி ஸ்கேன் செய்வம். இன்னும் அலறினால் வைரஸ்டோட்டலில் போடுவம். பல நிறுவனங்களின் ஸ்கேனர்கள் ஒரேயடியாகப் பார்க்கும். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே போட வேண்டாம். ஒன்றிரண்டு ஸ்கேனர்தான் சந்தேகப்படுது, கோப்பும் தயாரித்தவரின் தளத்திலிருந்தே வந்தது என்றால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, அன்டிவைரஸ் கம்பனிக்கும் அறிவிப்பம்.

கிராக் மென்பொருளோடு வரும் 'அன்டிவைரஸை நிப்பாட்டிப்போட்டு இன்ஸ்டோல் பண்ணு' என்ற அறிவுரையை மட்டும் கேட்கவே கூடாது. நாயைக் கட்டச் சொல்லுறவன் ஏன் சொல்லுறான் எண்டு யோசிப்பம்.